தழும்புள்ள சாமான்கள்: வாசகர் கேள்வி-பதில்

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இரண்டு நாள் சுற்றிவந்த கதையைப் போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் மேஜையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த வாரம் சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை. முழுக்க முழுக்க இரும்பும் பித்தளையும் கண்ணாடியும்தான்.

கே: கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அந்தக் கெட்டிலைப் பார்த்தீர்களா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, உடுமலைப்பேட்டை)

ப: டீ போடக் கெட்டில் போதும், இன்ஜின் செய்யப் போதாது. வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 வருஷம் முன்பே, 1712-ல், தாமஸ் நியூகோமன் என்பவர் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டிவிட்டார். வாட் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ரிப்பேர் செய்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பாடம் நடத்த வைத்திருந்த நியூகோமன் இன்ஜினின் சின்ன மாதிரி ஒன்று ஓடாமல் போய் 1763-64 குளிர்காலத்தில் அவர் மேஜைக்கு வந்தது. ஓட வைத்துவிட்டார். ஆனால் நாலு தடவை ஆடியதுமே நீராவி தீர்ந்து நின்றது. ஏன் இவ்வளவு நீராவி குடிக்கிறது என்று கேட்டதுதான் அவருடைய பெருமை.

உன் வீட்டு அடுப்பை வைத்தே சொல்கிறேன். ஒரு தோசை சுட்டதும் கல்லின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டிக் குளிர வைத்து, அடுத்த தோசைக்கு மறுபடி காய வைத்தால் விறகு எத்தனை கட்டு ஆகும்? நியூகோமன் இன்ஜின் அதைத்தான் செய்தது. உருளைக்குள் நீராவியை விட்டு, அதே உருளைக்குள் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி நீராவியைத் தண்ணீராக்கியது. உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று பிஸ்டனை அழுத்தியது. அடுத்த சுற்றுக்கு ஆறிப்போன உருளையை மறுபடி சூடாக்க வேண்டும். 1765-ல் வாட்டுக்கு வழி புலப்பட்டது. நீராவியை வேறொரு பாத்திரத்துக்குள் இழுத்து அங்கே குளிர வைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். தோசைக்கல் தனி, தண்ணீர்த் தொட்டி தனி. அந்த வருஷம் அவர் செய்து பார்த்த கண்டென்சர் லண்டனில் இருக்கிறது. பார்க்கப் பிரமாதமாக இராது. உன் ஆசிரியரிடம் நான் சொன்னதாகச் சொல்: கெட்டில் கதையை விட ரிப்பேர் கதை பெரியது.

கே: பேட்டன்ட் என்பது முன்னேற்றத்துக்குத் துணையா, தடையா? (திருப்பூர்)

ப: ஒரே ஆளுக்கே இரண்டுமாக இருந்திருக்கிறது. 1788-ல் செய்த வாட் இன்ஜின் ஒன்று அந்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பர்மிங்ஹாம் பக்கத்து சோஹோ தொழிற்சாலையில் பாலீஷ் பிடிக்கும் இயந்திரங்களை ஓட்டியது. 1858 வரை, 70 வருஷம் உழைத்தது. அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிச் சுற்றி வரும்படி பூட்டியிருப்பது தெரியும். சூரியனைக் கிரகம் சுற்றுவதுபோல. மேலும் கீழும் ஆடுவதைச் சுழற்சியாக மாற்ற அவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை, தையல் மிஷினில் இருப்பதுபோல ஒரு சாதாரணக் கிராங்க் போதும். ஆனால் இன்ஜினில் கிராங்க் பூட்டும் உரிமையை 1780-லேயே ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் பேட்டன்ட் வாங்கிவிட்டார். அதனால்தான் இந்தக் கிரகச் சுற்று. அந்த யோசனையும் வாட்டிடம் வேலை பார்த்த வில்லியம் முர்டாக்குடையது என்றே பலரும் சொல்கிறார்கள். பேட்டன்ட் வாட் பெயரில் இருக்கிறது.

இதே வாட் தன் கண்டென்சர் உரிமையைப் பார்லிமென்ட் சட்டம் மூலம் 1800 வரை நீட்டி வாங்கிக்கொண்டு, மற்றவர்களை வழக்குப் போட்டு மடக்கியவர். என் தீர்ப்பு: கண்டுபிடித்தவருக்குக் கொஞ்ச காலம் வேலி வேண்டும். வேலியே வயலை மேய்கிற அளவுக்கு நீளக் கூடாது.

கே: மியூசியமா, அருங்காட்சியகமா? எப்படிச் சொல்வது சரி? (சென்னை-8)

ப: பஸ்ஸில் டிக்கெட் வாங்க மியூசியம், பரீட்சைத் தாளில் அருங்காட்சியகம். உங்கள் எழும்பூரிலேயே ஒரு காலத்தில் அதற்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. பட்டம் படித்தவர் யாரும் வைத்த பெயர்கள் இல்லை. வைத்த ஜனங்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்கள்: அது படிக்கிற இடம். எழும்பூர் மியூசியம் தோன்றிய 1851-லேதான் லண்டனில் மகா கண்காட்சி நடந்தது. அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு சவுத் கென்சிங்டனில் நிலம் வாங்கி, 1857-ல் ஒரு மியூசியம் திறந்தார்கள். அதன் கலைப் பொருள்களிலிருந்து பிரிந்து 1909-ல் தனியாக நின்றதுதான் நான் பார்த்த அறிவியல் அருங்காட்சியகம். வயதில் எழும்பூர்தான் அக்கா.

கே: சார்லஸ் பாபேஜ் ஒரு இயந்திரத்தையும் முழுசாகச் செய்து முடிக்கவில்லையாமே. அவருக்கு எதற்குக் கம்ப்யூட்டரின் தந்தை என்ற பட்டம்? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

ப: இந்தக் கேள்வியைச் சிவகாசி அச்சுக்காரர் கேட்டது பொருத்தம். ஏனென்றால் பாபேஜின் கோபமே அச்சுப் பிழையில் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் மாலுமிகளும் வானியலாளர்களும் கணக்கு அட்டவணைப் புத்தகங்களை நம்பி வாழ்ந்தார்கள். அவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு, எழுதி, அச்சுக் கோத்து வெளியிட்டார்கள். ஒவ்வொரு படியிலும் பிழை புகும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பினால் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். கப்பல்காரனுக்கு எண் தப்பினால் அவன் சண்டைக்கு வரக்கூட இருக்க மாட்டான். கணக்கையும் இயந்திரமே போட்டு, அச்சுக்கான பதிவையும் அதுவே எடுத்துவிட்டால் நடுவில் மனிதக் கை படாதே என்பதுதான் பாபேஜின் எண்ணம்.

அதற்கு அவர் பிடித்த சூத்திரம் மிக அழகானது. ஒரு காகிதம் எடுங்கள். 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. அவற்றின் வித்தியாசம் எப்போதும் 2. இனிப் பெருக்கலே வேண்டாம். 9-ஓடு 2 கூட்டினால் 11. 25-ஓடு 11 கூட்டினால் 36. அடுத்து 13-ஐக் கூட்டினால் 49. இப்படியே ஆயிரம் வரை போகலாம். கூட்டல் மட்டும் தெரிந்த பல்சக்கரங்கள் இருந்தால் போதும், எவ்வளவோ சிக்கலான அட்டவணைகளைப் போட்டுவிடலாம். வித்தியாச இயந்திரம் என்ற பெயரே இதனால் வந்தது.

1823-ல் அரசாங்கம் பணம் கொடுக்க வேலை ஆரம்பமானது. ஜோசப் கிளமென்ட் என்ற அபாரமான கைத்திறன் உள்ள பட்டறைக்காரர் பாகங்களைச் செய்தார். 1832-ல் மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டும் பூட்டிக் காட்டினார்கள். மறு வருஷம் பாபேஜுக்கும் கிளமென்டுக்கும் பணத்தகராறு முற்றி வேலை நின்றது. 1842-ல் அரசாங்கம் கைகழுவியது. அதற்குள் 17,000 பவுண்டுக்கு மேல் போயிருந்தது.

1847 முதல் 1849 வரை அவர் இன்னும் சிக்கனமான இரண்டாவது வித்தியாச இயந்திரத்தின் வரைபடங்களைப் போட்டார். யாரும் செய்யவில்லை. 1871-ல் பாபேஜ் காலமானார். 'அந்தக் காலத்து இரும்பு வேலைக்கு அவ்வளவு நுட்பம் வராது, அதனால்தான் தோற்றார்' என்று நூறு வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த டோரன் ஸ்வேட் அதை அப்படியே நம்பத் தயாராக இல்லை. 1985-ல் அவரும் அவருடைய ஆட்களும் அந்த வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கினார்கள். பாபேஜ் காலத்துப் பட்டறைகளால் எந்த அளவுக்கு நுணுக்கமாகக் கடைய முடிந்ததோ அதற்கு மேல் நுணுக்கம் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். வரைபடத்தில் இருந்த சில தவறுகளை மட்டும் திருத்தினார்கள். பாபேஜின் 200-வது பிறந்த ஆண்டான 1991-ல் 4,000 பாகங்களும் 2.6 டன் எடையுமாகக் கணக்குப் பகுதி எழுந்து நின்றது. கைப்பிடியைச் சுற்றினார்கள். 31 இலக்க எண்களைப் பிசகாமல் போட்டது. அச்சுப் பகுதியும் 2002-ல் முடிந்தது.

நான் அதன் முன் நின்றபோது கண்ணில் பட்டது எண்கள் பொறித்த பித்தளைச் சக்கரங்களின் வரிசை. கோயில் தேரின் அடுக்குகள்போல ஒன்றின் மேல் ஒன்றாகத் தூண் தூணாக நிற்கிறது. தூண்களுக்குப் பின்னால் சுருள் ஏணிபோல வளைந்து ஏறும் கைகள். 140 வருஷம் காகிதத்தில் தூங்கிய ஒரு மனிதனின் எண்ணம் சரிதான் என்று இரும்பே சாட்சி சொல்கிறது. பட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

கே: எங்கள் ஜக்கார்டு அட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் உறவு உண்டு என்கிறார்களே, உண்மையா? (பட்டு நெசவாளர், காஞ்சிபுரம்)

ப: நேர் உறவு, தூரத்துச் சொந்தம் இல்லை. அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தப் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் கிடக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லில் மாங்காயும் மயிலும் சேலையில் இறங்குகின்றன. பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. வித்தியாச இயந்திரத்துக்கு அடுத்துப் பாபேஜ் கனவு கண்ட 'பகுப்பாய்வு இயந்திரம்' எந்தக் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்பதை இதே மாதிரி ஓட்டை அட்டைகளில் வாங்கிக்கொள்வதாக இருந்தது. அந்த இயந்திரம் எண்களோடு நிற்காமல் வேறு குறிகளையும் கையாளலாம் என்று 1843-லேயே விளக்கி எழுதியவர் அடா லவ்லேஸ் என்ற பெண்மணி. பாபேஜ் தன் வீட்டில் ஜக்கார்டின் படம் ஒன்றை வைத்திருந்தார். வந்தவர்கள் செதுக்கி அச்சடித்த படம் என்று நினைப்பார்களாம். பட்டில் நெய்தது அது. அதற்கு மட்டும் ஏறக்குறைய 24,000 அட்டைகள். உங்கள் ஓலைப்பெட்டியில் பழைய டிசைன் அட்டைக் கட்டுகள் இருந்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள், ஐயா.

கே: பாபேஜின் மூளையைக்கூட வைத்திருக்கிறார்களாமே? (ராசிபுரம்)

ப: பாதி அங்கே. மறுபாதி லண்டனிலேயே அறுவைச் சிகிச்சையாளர்களின் ராயல் கல்லூரி அருங்காட்சியகத்தில். மூளையின் முன் இரண்டு நிமிஷம் நின்றேன், இயந்திரத்தின் முன் ஒரு மணி நேரம்.

கே: நாங்கள் மூன்று தலைமுறையாக ரயில்வே. ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' பற்றி நாலு வரி எழுதுங்கள். (பெரம்பூர்)

ப: நாலு வரியில் அடங்காது. 1829 அக்டோபரில் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் கம்பெனி, ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி வைத்தது. பரிசு 500 பவுண்டு. வந்தவற்றில் 'சைக்ளோபெட்' என்பது உள்ளே குதிரை நடந்து ஓட்டும் வண்டி. 'நாவல்டி'தான் கூட்டத்தின் செல்லம், ஆனால் வழியில் பழுதாகி நின்றது. சொன்ன தூரத்தைச் சொன்னபடி ஓடி முடித்தது ராபர்ட் ஸ்டீவன்சனின் ராக்கெட் ஒன்றே. மணிக்குச் சுமார் 30 மைல் வேகத்தையும் தொட்டது.

ரகசியம் பாய்லரில். அதுவரை தீயின் சூடு தடித்த குழாய் ஒன்றிரண்டின் வழியாகத் தண்ணீருக்குள் போய் வந்தது. ராக்கெட்டில் 25 மெல்லிய செப்புக் குழாய்கள். வெங்காயத்தை முழுசாகப் போட்டால் வேக நேரமாகும், பொடியாக நறுக்கினால் உடனே வதங்குகிறதே, அதே கணக்கு: சூடு படும் பரப்பு அதிகம். இந்த யோசனையைக் கொடுத்தவர் இன்ஜினியர் இல்லை. ரயில் கம்பெனியின் பொருளாளர் ஹென்றி பூத். கணக்குப் பிரிவிலிருந்து வருகிற யோசனையையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று உங்கள் ஷாப் ஃப்ளோரில் சொல்லுங்கள்.

1862-ல் அருங்காட்சியகச் சேகரிப்புக்கு வந்த ராக்கெட், போட்டியில் ஓடிய ராக்கெட் மாதிரி இருக்காது. சாய்ந்து நின்ற சிலிண்டர்களைப் பின்னால் கீழே இறக்கிப் பூட்டினார்கள், மஞ்சள் வண்ணம் போய்விட்டது, பிற்காலத்தில் நிலக்கரி இழுத்து உழைத்துக் களைத்தது. 1830 செப்டம்பர் 15 அன்று அந்த ரயில் பாதையின் திறப்பு விழாவில் தண்டவாளத்தில் நின்ற வில்லியம் ஹஸ்கிசன் என்ற எம்.பி. மேல் மோதியதும் இதே இன்ஜின். அவர் அன்றிரவே இறந்தார். புதுசாகத் தேய்த்துப் பூசிய நகலை விட இந்தத் தழும்புகளோடு நிற்கிற கறுப்பு இரும்பையே நான் மதிக்கிறேன். அது லண்டனை விட்டு வடக்கே ரயில்வே அருங்காட்சியகத்தின் பொறுப்புக்குப் போய்விட்டது. ரயில் பிறந்த பக்கம் போனது நியாயமே.

உங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்து, 1909-ல் ஓய்வு கொடுத்து, நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்ற ஈ.ஐ.ஆர்-21 இன்ஜினை 2010-ல் மறுபடி புகைவிட்டு ஓட வைத்தவர்கள் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். லண்டன்காரர்கள் நம் ஊருக்கு வந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அது.

கே: டி.என்.ஏ. மாதிரியைக் கண்டபோது ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஞாபகம் வந்ததா? (முதுகலை மாணவி, கிண்டி)

ப: வந்தது, அவர் பெயர் வராமல் அந்த மாதிரியைப் பார்க்கவே முடியாது. 1953-ல் கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் எழுப்பிய மாதிரி பிற்காலத்தில் பிரிந்து சிதறிவிட்டது. மிச்சமிருந்த அசல் தகடுகள் சிலவற்றைச் சேர்த்து மறுபடி கட்டியதுதான் இப்போது இருப்பது. கிட்டே போய்ப் பார்த்தால், உன் கெமிஸ்ட்ரி லேபில் குடுவையைப் பிடித்து நிறுத்துமே கவ்வி, அதே கவ்விகள்தான் மனிதப் பரம்பரையின் ஏணியைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஏணியின் சுருளுக்கு வலுவான தடயம் 1952 மே மாதம் ஃபிராங்க்ளினின் வழிகாட்டுதலில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த எக்ஸ்ரே படம். ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமலே 1953 ஜனவரியில் அது வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1958-ல், 37 வயதில், புற்றுநோயில் ஃபிராங்க்ளின் போய்விட்டார். 1962-ல் வாட்சன், கிரிக், ஃபிராங்க்ளினின் சக ஆய்வாளர் வில்கின்ஸ் மூவருக்கும் நோபல். அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டது தவறு. அதில் இரண்டு பக்கம் பேச இடமில்லை.

நீ கிண்டியில் படிப்பதால் இன்னொன்று. அதே வருஷங்களில் உன் கல்லூரி இருக்கும் அந்தச் சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதத்தின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தார். 1952-ல் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னல் பேச்சுவாக்கில் போட்ட விதை அது. எக்ஸ்ரே எடுக்கக் கங்காருவின் வால் தசைநார் கிடைத்தது. மூன்று இழை முறுக்கிய கயிறு என்ற விடை 1954-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அங்கே இரட்டைப் புரி, இங்கே முப்புரி. அது நடந்த கட்டடங்களின் வழியாகத்தான் நீ தினமும் நடக்கிறாய்.

கே: பெனிசிலின் பிரிவில் எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சாமான் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். (செவிலியர், மதுரை)

ப: பெட்பேன், சகோதரி. 1928-ல் ஃபிளெமிங் பூஞ்சையைக் கண்டது எல்லாருக்கும் தெரியும். அதை மருந்தாக்க 1939-க்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், நார்மன் ஹீட்லி மூவரும் இன்னும் பலரும் உழைத்தது தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியவில்லை. போர்க்காலம், பாத்திரம் பண்டம் கிடைக்காது. பூஞ்சை வளரத் தட்டையாக, மூடியோடு, நிறையப் பரப்புள்ள ஏனம் வேண்டும். ஹீட்லி பலவற்றையும் சோதித்துப் பார்த்து, ஆஸ்பத்திரிப் பெட்பேனே சரி என்று கண்டார். பிறகு அதே வடிவத்தைத் தழுவிப் பீங்கானில் நூற்றுக்கணக்கில் செய்து வாங்கினார்கள். அந்தப் பீங்கான் ஏனம்தான் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அவற்றை நாள் முழுக்கக் கவனித்து வடித்தெடுக்க இளம் பெண்களை வேலைக்கு வைத்தார்கள். 'பெனிசிலின் பெண்கள்' என்று பெயர்.

1941 பிப்ரவரி 12-ல் கிருமி பரவிச் சாகக் கிடந்த ஒரு போலீஸ்காரருக்கு முதல் ஊசி. அவர் எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறினார். மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினை மீட்டெடுத்து மறுபடி போட்டார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார். மருந்து பலித்தது, அளவு பற்றவில்லை. நீங்கள் இன்று ஒரு குப்பியை உடைத்து ஊசியில் ஏற்றும் அரை நிமிஷத்துக்குப் பின்னால் அந்தப் பீங்கான் வரிசை நிற்கிறது. 1945-ல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் நோபல். ஹீட்லிக்கு இல்லை. 1990-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது. மருத்துவர் அல்லாத ஒருவருக்கு அந்தப் பல்கலைக்கழகம் அதைக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

கே: சி.டி. ஸ்கேன் வேலை பார்க்கிறேன். அதைச் செய்தவர் டாக்டரா? (வேலூர்)

ப: டாக்டரும் இல்லை, பல்கலைக்கழகப் பட்டதாரியும் இல்லை. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு மின்பொறியியல் டிப்ளமா படித்து, ஈ.எம்.ஐ. என்ற கம்பெனியில் வேலை பார்த்தவர். முதல் சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய லேத் படுக்கை. அதன்மேல் பொருளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிக் கதிரைச் செலுத்தி அளந்தார். ஒரு படத்துக்கு அளவெடுக்கவே 9 நாள்.

மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரே இடத்தில் நின்றால் முன் தூண் பின் தூணை மறைக்கும். சுற்றி நடந்தால் எந்தத் தூண் எங்கே நிற்கிறது என்று மனசில் வரைபடம் விழும். சாதாரண எக்ஸ்ரே நின்று பார்ப்பது, ஸ்கேன் சுற்றி நடந்து பார்ப்பது. அந்த நடையைக் கணக்காக்கியதுதான் சாதனை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் தலைக்குள் இருந்த கட்டி, மண்டையைத் திறக்காமலே தெரிந்தது. இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்த ஆலன் கோர்மாக்கோடு 1979-ல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

கே: எல்லாமே யூடியூபில் இருக்கிறது. நேரில் போய் நிற்பதில் என்ன இருக்கிறது? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: அளவு. அது திரையில் ஏறாது, தம்பி. அப்போலோ-10 விண்கலத்தின் கூடு அங்கே தரையோடு நிற்கிறது. கதவுத் துவாரம் வழியே எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். நம் ஊர் ஷேர் ஆட்டோ பரவாயில்லை. அதற்குள் ஸ்டாஃபோர்டு, யங், செர்னன் மூவரும் 1969 மே மாதம் எட்டு நாள் இருந்தார்கள். இருவர் இறங்குகலத்தில் நிலவுத் தரைக்கு 16 கிலோமீட்டருக்குள் போனார்கள். இறங்கவில்லை. இறங்கும் வேலை இரண்டு மாதம் கழித்து வரும் அப்போலோ-11-க்கு என்று முன்பே தீர்மானம். ஒத்திகைக்குப் போனவர்கள் ஒத்திகையை முடித்துத் திரும்பினார்கள். திரும்பும்போது மணிக்கு 39,897 கிலோமீட்டர் வேகம். அதன் அடிப்பகுதியைப் பார். கருகிப் பொரிந்து, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி இருக்கிறது. யங் அப்போலோ-16-லும் செர்னன் அப்போலோ-17-லும் போய் நிலவில் நடந்தார்கள். ஒத்திகையை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு மேடை கிடைத்தது.

கே: பெண் விமானி ஒருவரின் விமானம் கூரையிலிருந்து தொங்குவதாக எழுதியிருந்தீர்கள். யார் அவர்? (திருச்சி)

ப: ஏமி ஜான்சன். 1930 மே 5-ல் லண்டனிலிருந்து தனியாகக் கிளம்பி 24-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். விமானம் 'ஜேசன்' என்ற பழைய, ஏற்கனவே ஒருவர் ஓட்டிய ஜிப்ஸி மாத். கராச்சி, ஜான்சி, கல்கத்தா வழியாகப் போனார். ரங்கூன் பக்கத்தில் மழைக்குள் வேறு மைதானத்தில் இறங்கிப் பள்ளத்தில் போய் இறக்கை முறிந்தது. இன்ஸீன் தொழிற்பள்ளிக்காரர்கள் சரிசெய்து அனுப்பினார்கள். ஓட்டத் தெரிந்தவர் மட்டும் இல்லை, இன்ஜினைப் பிரித்துப் பூட்ட லைசென்ஸ் வாங்கியவர். நான் கீழே நின்று அந்தப் பச்சை விமானத்தை அண்ணாந்து பார்த்தேன். மரமும் துணியும்.

கே: அங்கே இருப்பதெல்லாம் வெள்ளைக்காரர் சாதனைதானே? நம் கதை எங்கே? (யாழ்ப்பாணம்)

ப: நியாயமான கேள்வி. பருத்தியும் நிலக்கரியும் இயந்திரமும் வளர்ந்த கதையில் நம் நெசவாளர்கள் இழந்ததும் ஒரு அத்தியாயம். ராக்கெட் ஓடிய மான்செஸ்டர் பாதையின் பெரிய சரக்கே பருத்தி. அதைப் பெயர்ப்பலகை சொல்ல வேண்டும், இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 2017-ல் அதே அருங்காட்சியகம் இந்திய அறிவியலுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. 1881-ல் பெஷாவர் பக்கத்தில் ஒரு உழவர் மண்ணிலிருந்து எடுத்த பக்ஷாலி சுவடியின் ஏடு அதில் இருந்தது. மரப்பட்டையில் எழுதிய கணக்கு. பூஜ்யத்துக்கு ஒரு புள்ளி. அதன் வயதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். அந்தப் புள்ளி இல்லாமல் பாபேஜின் 31 இலக்கம் ஏது?

கே: அங்கே உங்களை அதிக நேரம் நிறுத்தி வைத்தது எது? எங்கள் தாத்தா பம்ப்செட் பட்டறை வைத்திருந்தார், அதனால் கேட்கிறேன். (பீளமேடு, கோயம்புத்தூர்)

ப: நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். பாபேஜின் இயந்திரத்தையும் மிஞ்சியது ஒரு மச்சு அறை. ஜேம்ஸ் வாட் வயதான காலத்தில் தன் வீட்டு உச்சியில் வைத்திருந்த பட்டறை. 1819-ல் அவர் இறந்ததும் பூட்டிப் போட்டார்கள். நூறு வருஷம் ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1924-ல் அருங்காட்சியகம் அதை முழுசாக வாங்கியது: கதவு, ஜன்னல், அடுப்பு, தரைப்பலகை, உள்ளே இருந்த 8,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். ஜன்னலடியில் லேத். சிலைகளை அச்சு அசலாகச் செதுக்கி நகலெடுக்க அவர் கடைசி வரை செய்துகொண்டிருந்த மர இயந்திரங்கள். அலமாரி முழுக்க ஜாடிகள், அரங்கள், உளிகள், பாதி செய்து வைத்தவை. உலகப் புகழும் பணமும் வந்த பிறகும் அந்தக் கிழவர் காலையில் படியேறிப் போய் உளியைக் கையில் எடுத்திருக்கிறார்.

எங்கள் அப்பாவிடமும் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. அவர் போன மறு மாதமே எல்லாம் எடைக்குப் போய்விட்டது. வெர்னியர், திருகு வெட்டும் டை, அவரே அடித்துச் செய்த ஒரு கவ்வி. கிலோ என்ன விலை என்று கேட்டவன் நான்தான். அந்தக் கவ்வி எதற்கு என்று இப்போது யாரைக் கேட்பேன்?

உங்கள் தாத்தாவின் சாமான்கள் இன்னும் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், துருவை மட்டும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அப்பாவையும் பழைய வேலையாட்களில் இருப்பவரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: பேர் என்ன, எதற்கு, யார் பிடித்தது, இந்தக் காயம் எப்படி வந்தது. ஒரு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். எழுதியதில் ஒரு படி எனக்கு அனுப்பிவையுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.